பெயின்ட் உதிர்ந்த ஸ்ட்ராட், வாசிக்க அருமை: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

ஆறாம்கம்பி | 12.07.2025, இரவு 9:40

செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவ எலெக்ட்ரிக் கிட்டார். ஆல்டர் பாடி, மேப்பிள் நெக், 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 9.5 அங்குல ரேடியஸ் (நெக் முகத்தோட வளைவு). கீழ்க்கொம்பில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு பெயின்ட் பெயர்ந்து மரம் தெரியுது. நெக் பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் பள்ளம்) ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பின்பக்கம் முழுக்க பெல்ட் பக்கிள் கீறல். வாசிச்சா வெண்ணெய்.

அதே மாடல், அதே நிறம், ஒரு கீறல் கூட இல்லாதது ஒண்ணு கடையில் இருக்கு. கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தா மாத்தித் தர்றாங்களாம். ஒரு வாரம் டைம். மாத்தக் கூடாதுன்னு நான் சொல்றேன். மறுத்துச் சொல்றவங்க சொல்லுங்க.

உப்புத்தாள் | 12.07.2025, இரவு 10:25

மாற்றுவதற்கு முன்னால் அந்த மயிரிழைக் கோடு பெயின்ட்டில் மட்டுமா, மரத்திலுமா என்று பாருங்கள். மற்ற இரண்டும் வெறும் தோற்றம். இது மட்டும்தான் கேள்வி.

ஸ்ட்ராட் வகையில் நெக் பாக்கெட்டின் கீழ்க்கொம்பு பக்கச் சுவர் மெல்லியது. பாலி ஃபினிஷ் (பாலியூரிதேன், பாலியெஸ்டர் மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு) பாக்கெட்டுக்குள் தடிப்பாக இறங்கியிருந்தால் நெக் இறுக்கமாக உட்காரும். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் அசையும், பாலி வளையாது, மூலையில் விரிசல் விடும். பத்தில் பெரும்பாலானவை இந்தக் கதைதான்.

கண்டுபிடிக்க: கம்பிகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றுங்கள். பாக்கெட்டின் உள்சுவரில் அதே இடத்தில் கோடு தொடர்கிறதா பாருங்கள். பஞ்சுக் குச்சியில் சிகரெட் லைட்டர் திரவம் தொட்டு மேலே தடவுங்கள். ஃபினிஷின் மேல்பரப்பு உடனே காயும். மரம் வரை திறந்த விரிசல் என்றால் திரவம் உள்ளே இறங்கி, கோடு மட்டும் சில நொடி கருப்பாக நிற்கும். பக்கத்தில் தீ, சாலிடரிங் அயர்ன் எதுவும் இருக்கக் கூடாது.

மரமே விரிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். நெக்கைப் பிடித்து நிற்பது நான்கு ஸ்க்ரூவும் பாக்கெட்டின் தரையும். பக்கச் சுவருக்குப் பெரிய வேலை இல்லை. டைட்பாண்ட் மாதிரி மரப்பசையை உள்ளே ஊறவிட்டு இறுக்கிப் பிடித்து 24 மணி நேரம் விட்டால் போதும். விரிசல் பாக்கெட்டின் தரைக்கோ ஸ்க்ரூ ஓட்டைக்கோ போயிருந்தால் மட்டும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நெக்கைத் தூக்கும்போது உள்ளேயிருந்து ஒரு துண்டு அட்டையோ காகிதமோ விழலாம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அது ஷிம். நெக்கின் கோணம் அதில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம், எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள். பழைய மரையில் ‘டக்’ என்று விழும். அதற்கப்புறம் முன்னோக்கித் திருகுங்கள். நேரே திருகினால் புதிய மரை வெட்டும், நாலைந்து தடவையில் ஓட்டை தளர்ந்துவிடும். மரையில் கொஞ்சம் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொண்டால் சுலபமாக இறங்கும்.

ஒன்பதரை | 13.07.2025, காலை 7:15

நான் மறுக்கிறேன். ‘வாசிக்க அருமை’ன்னு சொல்றதுல பாதிக்கு மேல செட்டப், அதாவது கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரி பண்ணி வைக்கிறது. செட்டப் அந்த கிட்டாருக்குள்ள பிறந்தது இல்லை, யாரோ பண்ணி வச்சது. அந்த சுத்தமான கிட்டார் பல மாசமா கடையில் தொங்கிட்டு இருந்திருக்கும், பழைய கம்பி, நெக்குல இருந்து கம்பி தூரமா நிக்கிற உயரமான ஆக்‌ஷன். அதை இதோட ஒப்பிட்டா இதுதான் ஜெயிக்கும். நியாயமான போட்டி இல்லை.

ரெண்டுலயும் ஒரே பிராண்ட் புது 010–046 கம்பி செட் (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன்) போடுங்க. ரெண்டையும் ஒரே அளவுக்கு வைங்க. ஃபெண்டர் 9.5 அங்குல ரேடியஸுக்குச் சொல்ற அளவு போதும்: முதல் ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்), ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்ல விரலால் அமுக்கி, 8ஆவது ஃப்ரெட் மேல 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. இடைவெளி; இதுதான் ரிலீஃப், ஃபீலர் கேஜால (மெல்லிய அளவுத் தகடு) பார்க்கணும். கேப்போவை எடுத்துட்டு 17ஆவது ஃப்ரெட்ல ரெண்டு ஓரக் கம்பிக்கும் 4/64 அங்குலம், சுமார் 1.6 மி.மீ. அதுக்கப்புறம் வாசிச்சுப் பாருங்க. அப்பவும் இதுதான் நல்லா இருந்தா நான் வாயை மூடிக்கிறேன்.

ஆறாம்கம்பி | 13.07.2025, காலை 8:02

ஃபீலர் கேஜ் எங்க கிடைக்கும்? கிட்டார் கடையில் இல்லை.

ஒன்பதரை | 13.07.2025, காலை 8:10

பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டாப்பெட் இடைவெளி பார்க்கிற அதே கேஜ்தான். 0.25 தகடு அதுலயே இருக்கும். தகடு கம்பியைத் தூக்காம, உரசியும் உரசாம நுழையணும்.

ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருந்து வளைவைச் சரி பண்ற இரும்புத் தண்டு) கால் சுற்றுக்கு மேல ஒரே தடவைல திருப்பாதீங்க. வலப்பக்கம் இறுக்கினா நெக் நிமிரும், இடைவெளி குறையும். ட்யூன் பண்ணிட்டு மறுபடி அளங்க. இறுக்கம் அதிகமாகி நகர மறுத்தா நிறுத்திடுங்க. ராட் தன் எல்லைக்கு வந்துட்ட நெக்கை, பெயின்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்கக் கூடாது.

ஹம்பக்கர் | 13.07.2025, மதியம் 1:30

மரம் வெளியே தெரிஞ்சா ஈரம் ஏறி உளுத்துப் போகும், டோனும் மாறும். கார் பெயின்ட் அடிக்கிறவரிடம் கொடுத்து முழுசா புதுசாக்கிடுங்க. செலவும் குறைவு.

உப்புத்தாள் | 13.07.2025, மாலை 6:50

ஹம்பக்கர், உலர்ந்த ஆல்டர் பலகை ஒரு நாணய அளவுக்குத் திறந்திருப்பதால் உளுத்துப் போகாது. அழுக்கும் வியர்வையும் ஏறிக் கறுக்கும், அவ்வளவுதான். மொத்தப் பரப்பில் அது மிகச் சிறு பகுதி. டோனில் கேட்கும் அளவுக்கு ஒன்றும் நடக்காது. அடுத்த பிரச்சினை ஓரங்கள். பாலி ஒருமுறை பெயர்ந்துவிட்டால் சுற்றியுள்ள ஓரம் மரத்தை விட்டுத் தூக்கி நிற்கும். சட்டைப் பித்தான் மாட்டினாலே அடுத்த செதில் வரும். அதை நிறுத்துவது அவசியம். எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.

முழு பெயின்ட் கூடவே கூடாது. காரணம் அழகு சம்பந்தப்பட்டது இல்லை.

பழைய பாலியை எடுக்க ஹீட் கன்னோ நிறைய உப்புத்தாளோ வேண்டும். தேய்க்கும்போது பாக்கெட்டின் தரையும் விளிம்பும் உருண்டுவிடும். அதற்கு மேல் புதிய பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் ஏறும். பாக்கெட்டுக்குள் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் அடித்தால் தரையின் உயரமே மாறும், மூலைக்கு மூலை ஒரு தடிமன் இருக்கும். நெக் இப்போது உட்கார்ந்திருக்கிற கோணம் போய்விடும். ஆறாம்கம்பிக்குப் பிடித்த அந்த ஆக்‌ஷன் அந்தக் கோணத்தில் நிற்கிறது. கூடவே நெக்கையும் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று தேய்த்துவிட்டால் பின்வளைவு மாறிவிடும். மரத்தை எடுத்தபின் திரும்ப வைக்க முடியாது.

கார் பெயின்ட்டின் கிளியர் கோட் கெட்டியானது, நல்லதுதான். ஆனால் அடிப்பவருக்குக் கதவும் போனட்டும் தெரியும், நெக் பாக்கெட் தெரியாது.

நைட்ரோ | 14.07.2025, இரவு 11:05

எல்லாரும் பாலி என்றே வைத்துப் பேசுகிறீர்கள். ஆறாம்கம்பி, அது பாலிதானா என்று பார்த்தீர்களா? பிக்கார்டுக்கு (பாடி மேல் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) அடியிலோ பாக்கெட் உள்ளேயோ, வெளியே தெரியாத ஒரு புள்ளியில், அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியை வையுங்கள். நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) இளகிப் பிசுபிசுக்கும். பாலி அப்படியே இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இல்லாத வகையும் வருகிறது, லேபிள் பாருங்கள்.

செதிலாகப் பெயர்ந்தது என்பதை வைத்துப் பார்த்தால் பாலியாகத்தான் இருக்கும். நைட்ரோ மெல்லியது, பெரும்பாலும் தேய்ந்து போகும், குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்கு வந்தால் குறுக்கே மெல்லிய கோடுகள் விழும். ஆனாலும் சோதிக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஆறாம்கம்பி | 16.07.2025, இரவு 8:45

எல்லாம் பார்த்தாச்சு. பாலிதான், அசிட்டோன் ஒண்ணும் செய்யலை. பாக்கெட் கோடு பெயின்ட்டில் மட்டும், உள்சுவர் சுத்தம். ஷிம் எதுவும் இல்லை.

ரெண்டையும் ஒன்பதரை சொன்ன அளவுக்கு வச்சு ஒப்பிட்டேன், கடையிலேயே. அடிபட்டது: 1.6ல எங்கயும் சத்தம் இல்லை, 1.4 வரை இறக்கினாலும் சுத்தம். முதல் கம்பியை 12லிருந்து 15 வரை எந்த ஃப்ரெட்ல ஒன்றரை டோன் வளைச்சாலும் சுரம் நிக்குது. சுத்தமானது: 1.6ல 13ஆவது ஃப்ரெட்ல பஸ் (கம்பி ஃப்ரெட்டுல உரசுற ரீங்காரம்), 12ல ஒரு டோன் வளைச்சாலே கம்பி அமுங்கி சத்தம் செத்துடுது. ஜி கம்பி (மூணாவது கம்பி) 6ஆவது ஃப்ரெட்ல சுரம் சீக்கிரம் அடங்குது. எடை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

ஒன்பதரை | 16.07.2025, இரவு 9:30

சரி. வாயை மூடிக்கிறேன்னு சொன்னேன், ஆனா இந்த ரெண்டு குறையும் ஒண்ணு இல்லை, அதைப் பிரிச்சுச் சொல்லணும்.

13ல பஸ், 12ல வளைச்சா சாகுதுன்னா 14 பக்கத்துல ஒரு ஃப்ரெட் மேல எழும்பி நிக்குது. ஃப்ரெட் ராக்கர் இல்லைன்னா ஒரு நேரான ஸ்டீல் பட்டையை மூணு ஃப்ரெட் மேல மட்டும் படற மாதிரி வைங்க. நடு ஃப்ரெட் உயரமா இருந்தா பட்டை ‘டிக் டிக்’னு ஆடும். ஃப்ரெட் பள்ளத்துல சரியா உட்காரலைன்னா பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி, அடியில் மெல்லிய சூப்பர் க்ளூ விட்டு அமுக்கிப் பிடிக்கலாம். இல்லைன்னா லெவல் பண்ணி (ஃப்ரெட்களைச் சமமா அராவி), கிரவுன் பண்ணி (மேல்பக்கத்தை மறுபடி உருட்டி), பாலிஷ் போடணும். தெரிஞ்சவர் கையில் கொடுத்தா சரியாகிடும். அதனால இது அந்த கிட்டாரைக் கழிக்கக் காரணம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம்.

ஜி கம்பி 6ல சுரம் சாகறது வேற கதை. நெக்குக்குன்னு ஒரு அதிர்வு எண் இருக்கு. கம்பியோட சுரம் அதுக்குப் பக்கத்துல வந்தா கம்பியோட சக்தியை நெக் குடிச்சிடும். போல்ட் பண்ணின நீள நெக்குல 5லிருந்து 7க்குள்ள, ஜி கம்பியில இது அடிக்கடி வரும். ஹெட்ஸ்டாக்ல (நெக்கோட தலைப்பகுதி) ஒரு எடையை கிளாம்ப் பண்ணினா அந்த இடம் கொஞ்சம் நகரும், போகாது. ஃப்ரெட் வேலை எதுவும் இதைச் சரி பண்ணாது. உங்க அடிபட்ட கிட்டார்ல அது வாசிக்கிற இடத்துல இல்லைன்னா, பணம் கொடுத்தும் வாங்க முடியாதது அதுதான். மாத்தாதீங்க.

உப்புத்தாள் | 17.07.2025, இரவு 10:40

ஓரத்தை நிறுத்துகிற வேலை. பாலிக்கு மட்டும்.

முதலில் எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள்: ரிலீஃப், 17இல் உயரம், ஒவ்வொரு சாடிலின் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) இடம், பிக்கப் உயரம் (கடைசி ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடித்து, கம்பியின் அடியிலிருந்து காந்தம் வரை). பிறகு கம்பிகளைக் கழற்றி, பிக்கப் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லைட்டர் திரவத்தால் பள்ளத்தின் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். தூக்கி நிற்கும் செதிலை நகத்தால் நெம்பாதீர்கள்.

மிக மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசி முனையால் தொட்டு ஓரத்தில் வையுங்கள். அதுவே அடியில் உறிஞ்சி ஓடும். ஓடுவது கண்ணுக்குத் தெரியும்: வெளிறிய ஓரம் சட்டென்று நிறம் ஆழமாகி, சுற்றியுள்ள பெயின்ட்டோடு ஒன்றாகிவிடும். எங்கே வெளிறியே நிற்கிறதோ அங்கே இன்னும் ஒரு துளி. இத்தோடு நிறுத்தினால்கூடப் போதும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஆனால் வளராது. என் சிபாரிசு இதுதான்.

மேடாக்கியே ஆக வேண்டும் என்றால்: நிறத்துக்கு அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். அதன் மேல் நடுத்தர கெட்டி க்ளூ, ஒரு தடவைக்கு அரை மி.மீ. தாண்டாமல். ஒவ்வொரு அடுக்குக்கும் சில மணி நேரம். மொத்தமாக ஊற்றினால் மேலே தோல் கட்டி அடியில் ஈரமாகவே நிற்கும், பிறகு குழி விழும். சுற்றுப்பரப்பைவிடத் தலைமுடி அளவு மேலே வரும்வரை நிரப்புங்கள்.

சமப்படுத்த ஒரு பிளேடு எடுத்து, நடுவில் நிரப்பிய இடத்தின் அகலத்துக்கு மட்டும் விட்டு, இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டுங்கள். டேப் நல்ல பெயின்ட் மேல் சறுக்கும், நடுப்பகுதி மேட்டை மட்டும் சீவும். அப்புறம் 800, 1200, 2000 வாட்டர் பேப்பர், ஒரு துளி சோப்புத் தண்ணீர், பின்னால் கட்டைத் துண்டு வைத்து. கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட்.

தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டைக்குள் போகக் கூடாது. மரம் உப்பி ஓட்டையைச் சுற்றி பாலி நட்சத்திரமாக வெடிக்கும். ஓட்டைகளை முன்பே டேப்பால் மூடுங்கள்.

நைட்ரோ | 18.07.2025, காலை 6:35

மேலே உள்ளதோடு இரண்டு சேர்க்கை.

கடலோர ஊரில், மழை நாளில் சூப்பர் க்ளூ வேலை வேண்டாம். காற்றில் ஈரம் அதிகம் என்றால் சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சை பிடித்தமாதிரி படியும். ஏ.சி. அறையில் செய்யுங்கள். சீக்கிரம் காய வைக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். குமிழ் வரும், மஞ்சளாகும்.

நைட்ரோ ஃபினிஷ் உள்ளவர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். நைட்ரோவுக்கு நைட்ரோவேதான் சரி. புது லாக்கர் பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். துளித்துளியாக விட்டு, வாரக்கணக்கில் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். நைட்ரோ கிட்டாரை ரப்பர் உறை போட்ட ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ரப்பர் பட்ட இடம் உருகிவிடும். துண்டுத்துணி சுற்றி வையுங்கள். பழைய, விலை உயர்ந்த கிட்டாரில் ஒரிஜினல் ஃபினிஷ் போனால் சந்தையில் விலை ஏறக்குறைய பாதியாக இறங்குவது வழக்கம். அங்கே கீறலைத் தொடாமல் விடுவதே பண ரீதியிலும் சரி.

ஹம்பக்கர் | 18.07.2025, இரவு 9:15

பெயின்ட் விஷயம் புரிஞ்சது. அப்போ எந்த அழகுக்குறைக்கும் பயப்பட வேண்டாமா? எங்கிட்ட விலைக்கு வந்திருக்கிற ஒரு லெஸ் பால்ல (கிப்சன் கம்பெனியோட மாடல்) நட்டுக்கு (நெக்கோட மேல்முனையில் கம்பி உட்காரும் கட்டை) பின்னால ஒரு கோடு தெரியுது.

நைட்ரோ | 18.07.2025, இரவு 10:20

அதற்குப் பயப்படுங்கள். கிப்சன் லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்தது, நெக் மகோகனி, நட்டுக்குப் பின்னால் ட்ரஸ் ராடுக்காகக் குடைந்திருப்பார்கள். மரத்தின் இழை அங்கே குறுக்காக வெளியே ஓடுகிறது. கீழே விழுந்தால் முதலில் போகும் இடம். 010 செட் முழு ட்யூனில் சுமார் 45 கிலோ இழுக்கும். கம்பிகள் ட்யூனில் இருக்கும்போது, பிறகு தளர்த்தி, கோட்டை உற்றுப் பாருங்கள். அகலம் மாறினால் மரம் உடைந்திருக்கிறது. லைட்டர் திரவச் சோதனை இங்கேயும் வேலை செய்யும்.

நன்றாக ஒட்டிய ஹெட்ஸ்டாக் பல ஆண்டு நிற்கும், வாசிக்கவும் குறை இருக்காது. விலை மட்டும் ஏறக்குறைய பாதி. ஒட்டாத விரிசலை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஹெட்ஸ்டாக் பின்னால் ‘2ND’ (செகண்ட்) என்று மரத்தில் அழுத்திய முத்திரை இருந்தால் அது உடைசல் இல்லை. கிப்சன் தொழிற்சாலையே செகண்ட்ஸ் என்று கழித்து விற்றது. காரணம் பெரும்பாலும் மரத்தின் நிறமோ ஃபினிஷோ. நன்றாக வாசிக்கிறவை அதில் நிறைய.

உப்புத்தாள் | 19.07.2025, மாலை 5:10

அழகுக்குறை போலத் தெரிந்து உள்ளே அரிப்பது இன்னொன்று உண்டு. பழைய செல்லுலாய்டு. 1959 முதல் 1964 வரை ஃபெண்டர் போட்ட பச்சை சாயல் பிக்கார்டுகள் இந்த வகை. அந்தப் பச்சை காலத்தால் வந்தது. அது சுருங்கும், ஸ்க்ரூ ஓட்டையில் விரியும், சுருங்கும்போது பிக்கப்பையும் இழுக்கும். க்ரெட்ச் கம்பெனியின் பழைய கிட்டார்களின் பைண்டிங் (ஓரத்தில் ஒட்டிய பட்டை) பொடிப்பொடியாக உதிர்வதும் இதே நோய். சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியை விடும். மூடிய கேஸுக்குள் வைத்தால் பக்கத்தில் உள்ள உலோகமெல்லாம் அரித்துத் துருப்பிடிக்கும். பழமையின் அழகு என்று விட்டுவைக்கக் கூடாத குறை இது. கேஸைத் திறந்து வையுங்கள், உதிர்வதை மாற்றுங்கள்.

மற்றபடி தேய்ந்த ஃபினிஷுக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ரோரி கல்லாகர் என்ற ஐரிஷ் கிட்டாரிஸ்ட் 1963இல் அயர்லாந்தின் கார்க் நகரில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961 ஸ்ட்ராட்டில் சன்பர்ஸ்ட் பெரும்பகுதி போய் மரம்தான் மிச்சம். டியூனர்கள்கூட ஒரே வகை இல்லை. அவர் அதையே கடைசிவரை வாசித்தார். 1995இல் ஃபெண்டர் கஸ்டம் ஷாப் புது கிட்டாரையே தேய்த்து ‘ரெலிக்’ என்று விற்கத் தொடங்கியது. நியாயமாகத் தேய்ந்ததை மறைக்க நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?

ஒன்பதரை | 19.07.2025, இரவு 7:45

தேய்மானத்தால வாசிப்பு நல்லா ஆகறதும் உண்டு, அதை யாரும் சொல்லலை. ஃப்ரெட்போர்டு ஓரம் கையால தேஞ்சு உருண்டிருக்கும், நெக் பின்பக்க பளபளப்பு போயிருக்கும். ஆறாம்கம்பி சொல்ற வெண்ணெய்ல அதுக்கும் பங்கு இருக்கும். கட்டைவிரலை ஓரத்துல ஓட்டிப் பாருங்க, கூர் தெரியாது.

ஆறாம்கம்பி | 20.07.2025, காலை 9:20

ஆமா, ஓரம் உருண்டுதான் இருக்கு. வச்சுக்கிட்டேன். மெல்லிய க்ளூ மட்டும் விட்டேன், பள்ளம் அப்படியே. நெக் பின்பக்கம் 3லிருந்து 9 வரை வழுவழுப்பு, 12க்கு மேல இன்னும் பளபளன்னு கை ஒட்டுது. ஸ்டீல் வூல் போட்டுத் தேய்க்கலாமா? மரம் தெரியற இடத்துக்கு பாலிஷ் ஏதாவது?

உப்புத்தாள் | 20.07.2025, காலை 10:05

ஸ்டீல் வூல் வேண்டாம். அதன் துகள் பிக்கப் காந்தத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் பேட் போதும். நெக்கின் நீளவாக்கில், லேசாக, பளபளப்பு மங்கும் வரை மட்டும். ஃபினிஷைத் துளைக்க வேண்டாம். மேப்பிள் திறந்துவிட்டால் வியர்வையில் சாம்பல் நிறமாகும். சில மாதத்தில் கை பட்டு மறுபடி பளபளக்கும், அப்போது இன்னொரு முறை.

மரம் தெரியும் இடத்துக்கு ட்ரூ ஆயில் (மரத்தில் பூசும் காயும் எண்ணெய்) துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள். சிலிகான் கலந்த பாலிஷ் மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது. மரத்தில் ஊறிவிட்டால் பின்னால் எந்தப் பூச்சும் அங்கே ஒட்டாமல் மீன்கண் மாதிரி விலகும்.